வெட்கத்தில் தேர்ச்சி

அந்தக் கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே லிஃப்ட்காரரின் முகத்தைப் பார்த்து எல்லோரும் சங்கடப்பட்டார்கள். காரணம், அவர் சந்தோஷமாக இருந்தார்.

சந்தோஷமாக இருக்க அவரிடம் நியாயமான காரணம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆபீஸ் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. கதவு சிக்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், ஆள் சிக்கினாலும் அவரைத்தான். அப்படிப்பட்டவர், எட்டு வயது மகளோடு உட்கார்ந்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு செய்துவிட்டார். ஒரு வாத்து லிஃப்டில் ஏறும். அது கேட்கிற மாடியில் அதை இறக்கிவிட வேண்டும். இரண்டே பொத்தான், மேலே ஒன்று, கீழே ஒன்று. இழுத்தடித்தால் வாத்து கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டும். சரியான மாடியில் இறக்கிவிட்டால் “வந்துட்டேனே!” என்று ஒரு கத்து கத்தும். அப்படிக் கத்தியது மகள். வாத்தை வரைந்ததும் அவள்தான். அதற்கு ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டை. “என்னடி இது?” என்று கேட்டதற்கு, “அது அப்படித்தான்பா நிக்கும்” என்று முடித்துவிட்டாள். லிஃப்ட் மட்டும் அப்பா செய்தது.

ஆட்டத்தில் ஒரு கோளாறும் இருந்தது. நாலாவது மாடி வந்தால், கதவு திறக்கும் முன்பே வாத்து கதவைத் துளைத்துக்கொண்டு வெளியே போய், அந்தரத்தில் ஜம்மென்று நடக்கும். அவர் தொழில் அப்படி, பார்த்ததும் அவருக்குக் குலை நடுங்கிவிட்டது. உடனே சரிபண்ண உட்கார்ந்தார். மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஐயோ அப்பா, அதுதான் நல்லாருக்கு! அதைத் தொட்டே, உன்கூடப் பேசவே மாட்டேன்!”

பேச்சு முக்கியம் என்று கோளாறை விட்டுவிட்டார்.

அவள் வகுப்புப் பிள்ளைகள் சிலரிடம் கையில் வைத்து விளையாடும் கருவி உண்டு. உள்ளங்கை அளவு திரை, பக்கத்துக்கு ஒரு பொத்தான். பஸ்ஸில் வரும்போது தலையைத் தூக்காமல் அதையே நோண்டிக்கொண்டு வருவார்கள். நம்ம வாத்து அதில் வர வேண்டும், பஸ்ஸில் எல்லோரும் அதை லிஃப்டில் ஏற்றி இறக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. விசாரித்தார். கருவியில் ஒரு ஆட்டத்தை ஏற்ற வேண்டுமானால் கையடக்க ஆட்ட வடிவமைப்புக் கல்லூரியில் தொடக்கநிலைத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டுமாம்.

“சரி குட்டி, வாங்கிட்டு வந்துடறேன்” என்றார், கடைக்குப் போய் சோப்பு வாங்கி வருகிற மாதிரி.

இப்போது கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எப்போதோ, எவரோ ஒரு பெரிய வடிவமைப்பாளர், “நான் முதல்ல செஞ்ச ஆட்டத்தை நினைச்சா இப்பவும் வெட்கமா இருக்கு” என்று சொல்லிச் சிரித்தாராம். கல்லூரி அவருடைய சிரிப்பை விட்டுவிட்டு, மீதியைப் பாடத்திட்டம் ஆக்கிவிட்டது. நுழைந்ததும் சுவரில் ஆள் உயர எழுத்து: ‘உன் முதல் ஆட்டம் மோசமானது.’ உள்ளே போனால் அறிமுக வெட்க வகுப்பு, அதைத் தாண்டினால் இடைநிலை வெட்க வகுப்பு, அதற்கும் அந்தப் பக்கம் செய்முறை வெட்கக் கூடம். ஆட்டம் செய்வதற்கென்றும் ஒரு அறை இருந்தது. பூட்டியிருந்தது. விழாவுக்கான நாற்காலிகளை அதில்தான் அடுக்கி வைத்திருந்தார்கள்.

கல்லூரியின் ஒரே கருவி முதல்வர் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. யாராவது விளையாடித் தொலைத்துவிடப் போகிறார்களே என்று பேட்டரியைக் கழற்றி முதல்வர் தன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். செய்முறை வகுப்பு என்றால், மாணவர்கள் வரிசையாக அந்த அறை வாசலில் நின்று, தூரத்திலிருந்து கருவியைப் பார்த்து, நமக்கெல்லாம் இது தகுமா என்று பெருமூச்சு விட வேண்டும். நன்றாக விட்டவர்களுக்கு மதிப்பெண் உண்டு.

முதல் நாள் முதல்வர் பேசினார். நல்ல உயரம், நல்ல குரல், கோட்டில் கசங்கல் என்று ஒரு கோடு கிடையாது.

“மாணவர்களே, இந்தக் கல்லூரிக்கு நான் வெகு காலமாகத் தலைமை வகிக்கிறேன். இன்றுவரை ஒரு ஆட்டம்கூடச் செய்ததில்லை. ஏன்? செய்திருந்தால் அது எவ்வளவு கேவலமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சாதாரண மனிதன் செய்துவிட்டு வெட்கப்படுகிறான். நான் செய்யாமலே வெட்கப்படக்கூடியவன். இந்த நிலைக்கு உங்களில் ஒருவராவது உயர வேண்டும் என்பதே என் கனவு.”

கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. லிஃப்ட்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எல்லோரும் தட்டுகிறார்களே என்று அவரும் தட்டினார்.

வகுப்பு எடுத்தவர் வெட்கப் பயிற்றுநர் என்ற பதவியில் இருந்த ஒரு அம்மாள். பூனை நடக்கிற மாதிரிப் பேசுவார். ஒவ்வொருவராக எழுந்து தன் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிஃப்ட்காரர் முறை வந்தது. அவர் கையை ஆட்டி, லிஃப்ட் கதவு மாதிரி இரண்டு கையையும் சேர்த்துப் பிரித்து, வாத்து முதுகு காட்டுவதை நடித்தும் காட்டி, பிரமாதமாகச் சொன்னார். அம்மாள் பல் வலி வந்தவர் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார்.

“உட்காருங்க. ‘வாத்து’ன்னு சொல்றப்ப சிரிக்கிறீங்க.”

“வாத்துங்க மேடம்” என்றார் அவர்.

“பாருங்க, இப்பவும் சிரிக்கிறீங்க. உங்க ஆட்டத்தை யாருக்காவது காட்டியிருக்கீங்களா?”

“மகளுக்கு. அவ விழுந்து விழுந்து சிரிச்சா மேடம்.”

வகுப்பே ‘ச்சொ ச்சொ’ என்றது. அம்மாள் அவர் தோளைத் தொட்டு, “கவலைப்படாதீங்க. ஆரம்பத்துல கண்டுபிடிச்சிட்டோம்” என்றார்.

பக்கத்து நாற்காலியில் ஒரு தாடி. பெயர் என்னவோ, எல்லோரும் தாடி என்றே கூப்பிட்டார்கள். வருஷக்கணக்காக அங்கேயே படிக்கிறவன், எல்லாத் தேர்விலும் முதலிடம். நடக்கும்போதே தலை மார்பில் ஒட்டியிருக்கும். டீக் கடையில் லிஃப்ட்காரர் அவனிடம் கேட்டார்.

“தம்பி, நீங்க என்ன ஆட்டம் செஞ்சிருக்கீங்க?”

“ஒண்ணும் செய்யலண்ணே.”

“அப்புறம் எதுக்கு வெட்கப்படறீங்க?”

“செய்யப் போறதுக்கு.” குரலைத் தாழ்த்தினான். “செஞ்சா ரிஸ்க்குண்ணே. தப்பித் தவறி நல்லா வந்து தொலைச்சிட்டா என்ன பண்றது? இத்தனை வருஷப் படிப்பும் போச்சு.”

முதல் தேர்வு வந்தது. வெட்கமானி என்று ஒரு சாதனம். காய்ச்சல் பார்க்கிற கருவியின் சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கும். காது மடலில் மாட்டிவிட்டு, மாணவனின் ஆட்டத்தைத் திரையில் ஓட்டுவார்கள். காது சூடேற ஏற முள் வெள்ளையிலிருந்து சிவப்புக்குப் போகும். லிஃப்ட்காரரின் வாத்து திரையில் வந்தது. முள் அசையவே இல்லை. பயிற்றுநர் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார், சாதனத்தைத்தான். வாத்து நாலாவது மாடிக்கு வந்து, கதவைத் துளைத்து, அந்தரத்தில் ஜம்மென்று நடந்தது.

அப்போது பின்னாலிருந்து ‘குபுக்’ என்று ஒரு சிரிப்பு.

கல்லூரி வரலாற்றில் மாணவனின் முதல் ஆட்டத்தைப் பார்த்து எவரும் சிரித்ததில்லையாம். அன்றே விசாரணைக் குழு போட்டார்கள். தலைவர், கல்லூரி முதல்வர். ஒவ்வொரு மாணவனையும் கூப்பிட்டு, சிரித்துக் காட்டச் சொல்லிப் பதிவு செய்தார்கள். யார் சிரிப்பும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பின்வரிசையில் அன்று உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருவர், அவர்தான் குழுத் தலைவர். கடைசியில் முடிவு வந்தது. சிரிப்பு எதுவும் நிகழவில்லை, அது நாற்காலி முனகிய சத்தம். பின்வரிசை நாற்காலிகள் முழுவதையும் ஒழுக்கக்கேட்டுக்காக அப்புறப்படுத்தினார்கள். அதன் பிறகு முதல்வர் நின்றுகொண்டே பார்த்தார்.

வீட்டுக்கு வந்தால் மகள் வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். “ஏத்திட்டாங்களாப்பா?”

“இன்னும் இல்ல குட்டி. பரீட்சை பாக்கி இருக்கு.”

“வாத்துக்கா, உனக்கா?”

“எனக்குத்தான்” என்பார், செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டு.

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். வாய் கொஞ்சம் காரம். விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

“வெட்கப்படறதுக்கு ஒரு காலேஜா? ஏங்க, என்கிட்ட சொல்லியிருந்தா ஓசியிலேயே கத்துக்கொடுத்திருப்பேனே! என் தம்பி கல்யாணத்துல மைக்கைப் பிடுங்கிப் பாடினீங்களே, அதை நினைச்சுக்கோங்க. காது தானா வேகும்.”

கிண்டலாகச் சொன்னதை அவர் மெய்யாகவே பிடித்துக்கொண்டார். அடுத்த தேர்வில் மச்சான் கல்யாணத்தை நினைத்தார். முள் துள்ளிக்கொண்டு போயிற்று. ஆனால் பயிற்றுநர் கில்லாடி. மூக்கைச் சுளித்து, “இது வேற வெட்கம். குடும்ப வெட்கம். ஆட்ட வெட்கம் இல்ல” என்று பூஜ்யம் போட்டுவிட்டார்.

பிறகு முதல்வர் அறைக்கு அழைப்பு வந்தது. கண்ணாடிப் பெட்டி மேஜை மேலேயே இருந்தது. இவ்வளவு பக்கத்தில் லிஃப்ட்காரர் கருவியைப் பார்த்ததில்லை. பொத்தான்களைப் பார்த்ததும், இடது பக்கம் இருப்பதை ‘மேலே’க்கு வைக்கலாம், குட்டியின் கட்டைவிரலுக்கு எட்டும் என்று மனம் கணக்குப் போட்டது.

“உங்களிடம் ஒரு நோய் இருக்கிறது” என்றார் முதல்வர். “செய்ததை உங்களுக்குப் பிடித்திருக்கிறது. பிடித்துப்போனவனுக்கு நாங்கள் எதைக் கற்பிப்பது? எல்லோரும் உங்களைப் போல ஆட்டத்தைச் செய்துவிட்டு, விளையாடிவிட்டு, சிரித்துவிட்டுப் போய்விட்டால் இந்தக் கட்டடம் எதற்கு? நான் எதற்கு? யோசித்துப் பாருங்கள், நான் எதற்கு?”

லிஃப்ட்காரர் யோசித்துப் பார்த்தார். விடை கிடைத்தது, மென்று விழுங்கிவிட்டார்.

“வெட்க விழா வருகிறது. மேடையில் உங்கள் ஆட்டத்தை நீங்களே கண்டித்துப் பேசுங்கள். தேறினால் கருவி. இல்லையென்றால், இந்தக் கருவியில் உங்கள் விரல் ஆயுளுக்கும் படாது.”

வழியெல்லாம் அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனார். வாயால் சொல்வதுதானே, சொன்னால் வாத்து செத்தா போய்விடும்? நாலு வார்த்தை உளறிவிட்டு, கருவியை வாங்கி, வாத்தை ஏற்றி, குட்டி கையில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டாலும், அன்று வீட்டில் ஆட்டத்தைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை. மகள் கூப்பிட்டும், தலைவலி என்று படுத்துவிட்டார். பொய் சொன்னோமே என்று கூச்சமாக இருந்தது.

உரையைத் தாடிதான் சரிபண்ணிக் கொடுத்தான். வாத்தின் கால், குரல், நாலாவது மாடி என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எப்படிக் கூனிக் குறுக வேண்டும் என்று நடித்தே காட்டினான். அவன் கண்ணில் நீர் வந்தது. “அண்ணே, சொந்தமா செஞ்ச ஒண்ணைத் திட்டறதுல ஒரு ருசி இருக்குண்ணே. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல” என்றான்.

விழா நாள். பூட்டிய அறையிலிருந்து நாற்காலிகள் வந்தன. மேடையில் பெரிய திரை, மைக், கண்ணாடிப் பெட்டியில் கருவி. லிஃப்ட்காரரின் காதில் வெட்கமானியை மாட்டினார்கள். முள் கூடம் முழுக்கத் தெரியட்டும் என்று அதைத் திரையோடு இணைத்திருந்தார்கள். பயிற்றுநர் காதோரம் வந்து கிசுகிசுத்தார்.

“ஒரு நல்ல சேதி. சாட்சி இல்லாத வெட்கம் செல்லாதுன்னு புது விதி. அதனால எல்லாரோட வீட்டுக்கும் நாங்களே போன் பண்ணி வரவழைச்சிட்டோம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். முன்வரிசையில் மனைவி. பக்கத்தில் மகள், பிறந்தநாளுக்கு எடுத்த நீலச் சட்டையில், கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டு. வாத்தைக் கருவியில் ஏற்றுகிற விழா என்று நினைத்து வந்திருக்கிறாள். அப்பாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். திரையில் வாத்து வந்தது. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாளைத் தட்டி, “அது என் வாத்து!” என்றாள். மேடை வரை கேட்டது.

லிஃப்ட்காரர் மேடைப் படியைப் பார்த்தார். இறங்கிப் போய்விடலாம். நாலு படிதான். எத்தனை பேரைச் சிக்கின லிஃப்டிலிருந்து வெளியே எடுத்திருக்கிறார்! முதல்வர் தொண்டையைக் கனைத்தார். கண்ணாடிப் பெட்டி கை எட்டும் தூரத்தில் இருந்தது. இதுவும் அவளுக்காகத்தானே என்று ஒரு நினைப்பு வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

“இது… இது ஒரு மோசமான ஆட்டம். இந்த வாத்துக்குக் கால்கூடச் சமமாக இல்லை. கிறுக்கல். இதை ஒரு படம் என்று சொல்வதற்கே கூசுகிறது. அதன் குரல் காதைக் கிழிக்கிறது. நாலாவது மாடியில் நடப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு அறிவு கிடையாது. இதை யாருக்கும் காட்ட எனக்கு வெட்கமாக இருக்கிறது.”

மகளின் கால் ஆட்டம் நின்றது. தூக்கின கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் வாத்து, தெரியாத்தனமாக, “வந்துட்டேனே!” என்று கத்தியது. முன்வரிசையில் இரண்டு பேர் காதைப் பொத்தினார்கள். அவள் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

லிஃப்ட்காரரின் காது தீயாய் எரிந்தது. கழுத்து, முகம், உள்ளங்கை எல்லாம் எரிந்தது. பிறந்ததிலிருந்து அவர் இப்படி வெட்கப்பட்டதில்லை. ஆட்டத்துக்காக இல்லை, தன் வாய்க்காக. முள்ளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. சிவப்பைத் தாண்டி, கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டு நடுங்கியது. கூடம் எழுந்து நின்றது. தாடி தேம்பித் தேம்பி அழுதான். முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“வரலாறு!” என்றார். “இப்படி ஒரு வெட்கத்தை இந்த மேடை கண்டதில்லை. சிறப்புத் தேர்ச்சி!” என்று சட்டைப் பையிலிருந்து பேட்டரியை எடுத்து நீட்டினார்.

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “சார், அப்ப வாத்தை இதுல ஏத்திக்கலாமா?”

“எந்த வாத்தை?” முதல்வர் உண்மையாகவே திகைத்துப்போனார். “என்ன ஐயா, இத்தனை பேர் முன்னால் இவ்வளவு வெட்கப்பட்ட ஒன்றைக் கொண்டுபோய் யாராவது கருவியில் ஏற்றுவார்களா? கல்லூரிக்கு மானம் இல்லையா? அடுத்த ஆட்டம் செய்யுங்கள். வாத்து இல்லாமல்.”

அதற்குள் மகள் மேடைப் படியில் ஏறி வந்துவிட்டாள். மைக் உயரமாக இருந்தது. தாடி ஓடிவந்து இறக்கிக் கொடுத்தான். அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. முதல்வரைப் பார்த்துத்தான் பேசினாள்.

“அங்கிள், வாத்தை வரைஞ்சது நான்தான். கத்தினதும் நான்தான். நாலாவது மாடியை அப்பா சரிபண்ணப் போனாரு, நான்தான் வேணாம்னேன். லிஃப்ட் மட்டும்தான் அப்பா பண்ணாரு. அது நல்லா இருக்கு. அப்பாவைத் திட்டாதீங்க.” திரையைத் திரும்பிப் பார்த்தாள். “நான் இனிமே வரைய மாட்டேன்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே, மோவாய் மார்பில் ஒட்டுகிற அளவுக்கு.

வெட்கப் பயிற்றுநர் பாய்ந்து வந்து, அப்பா காதிலிருந்ததைக் கழற்றி அவள் காதில் மாட்டினார். கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தது. “முழுச் சிவப்பு!” என்று அலறினார். “பயிற்சியே இல்லாம!”

முதல்வர் நெகிழ்ந்துபோய் அவள் தலையில் கை வைத்தார். “எட்டு வயதில்! நாங்கள் வருஷக்கணக்கில் போராடிக் கொண்டுவருவதை இந்தக் குழந்தை இயல்பிலேயே கொண்டுவந்திருக்கிறது. இன்றைக்கே சேர்த்துக்கொள்கிறோம்!”

மறுபடி கூடமே எழுந்து கைதட்டியது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மனைவி மட்டும் மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தார். பேட்டரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லிஃப்ட்காரரும் தட்டினார். நிறுத்தினால் எல்லோரும் தன்னைப் பார்ப்பார்களே என்று பயந்து, இன்னும் பலமாகத் தட்டினார். மகள் தலையைத் தூக்கி, அப்பாவின் கைகளைப் பார்த்தாள்.